ஒரு கோழிக்கு எத்தனை சதுர சென்டிமீட்டர்?

முட்டைக் கோழிப் பண்ணைகளில் பரவலாகப் புழங்கும் கம்பிக் கூண்டின் ஒரு அறை 18 அங்குலத்துக்கு 15 அங்குலம். தரைப்பரப்பு 270 சதுர அங்குலம். அதாவது சுமார் 1,740 சதுர சென்டிமீட்டர். அதில் மூன்று கோழி விட்டால் தலைக்கு 580 வரும். நான்கு விட்டால் 435, ஐந்து விட்டால் 348. ஒரு ஏ4 தாளின் பரப்பே 624. ஆக, மூன்று கோழி விடும் தாராளமான பண்ணையில்கூட ஒன்றரைக் கிலோ எடையுள்ள கோழி ஒரு தாளைவிடச் சிறிய இடத்தில்தான் எழுபது வாரத்துக்கு மேல் நிற்கிறது, தின்கிறது, முட்டையிடுகிறது.

மூன்றா, நான்கா, ஐந்தா என்பதுதான் இங்கே கேள்வி. கூண்டு வளர்ப்பு தொழிலாக வேர்விட்ட நாளிலிருந்து இதற்கு விடை சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். முட்டையின் எண்ணிக்கையை வைத்து ஒரு விடை, கோழியின் நடத்தையை வைத்து இன்னொன்று, முட்டையின் தரத்தை வைத்து மூன்றாவது, சட்டத்தை வைத்து நான்காவது. இந்த விடைகள் ஒன்றோடொன்று சேர்வதில்லை. ஏன் சேர்வதில்லை என்பதைப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

எண்கள் வந்த வழி

1964இல் பிரிட்டனில் ரூத் ஹாரிசன் எழுதிய ‘அனிமல் மெஷின்ஸ்’ நூல் கூண்டுக் கோழியைப் பொதுமக்கள் பார்வைக்குக் கொண்டுவந்தது. அது எழுப்பிய கொந்தளிப்பில் அரசு ஒரு குழு அமைத்தது. பிராம்பெல் தலைமையிலான அந்தக் குழு 1965இல் அறிக்கை தந்தது. விலங்கு எழுந்து நிற்கவும், படுக்கவும், திரும்பவும், உடலைக் கோதிக்கொள்ளவும், கைகால் நீட்டவும் இடம் வேண்டும் என்பது அதன் சாரம். பின்னால் வந்த ‘ஐந்து சுதந்திரங்கள்’ என்ற கோட்பாட்டுக்கு இதுவே விதை.

அதன் பிறகு ஐரோப்பா படிப்படியாக நகர்ந்தது. சுவிட்சர்லாந்தில் 1992 முதல் பழைய வகைக் கூண்டு இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் போட்ட ஆணை, சாதாரணக் கூண்டில் 2003 முதல் கோழிக்கு 550 சதுர செ.மீ. என்றும், 2012 ஜனவரி 1 முதல் அந்தக் கூண்டே கூடாது என்றும் சொன்னது. அதற்குப் பதிலாக அனுமதித்த ‘வசதி கூட்டிய’ கூண்டில் கோழிக்கு 750 சதுர செ.மீ., முட்டையிட மறைவிடம், உட்காரக் கட்டை, கிளறுவதற்கு ஏதாவது, 12 செ.மீ. தீவனத் தொட்டி நீளம் ஆகியவை கட்டாயம்.

அமெரிக்காவில் சட்டத்துக்கு முன்னால் சந்தை நகர்ந்தது. ஒரு காலத்தில் அங்கே 48 சதுர அங்குலம், அதாவது 310 சதுர செ.மீ., சாதாரணமாக இருந்தது. 2000இல் மெக்டொனால்ட்ஸ் தனக்கு முட்டை தருவோர் 72 சதுர அங்குலம் கொடுக்க வேண்டும் என்றது. முட்டை உற்பத்தியாளர் சங்கம் தன் பங்குக்கு வெள்ளைக் கோழிக்கு 67 சதுர அங்குலம் என்ற அளவை வகுத்தது. கலிஃபோர்னியா வாக்காளர்கள் 2008இலும் 2018இலும் வாக்களித்துக் கூண்டையே வெளியே தள்ளினார்கள்.

இந்தியாவில் 1960ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவு, நியாயமான அளவு அசைய முடியாத கூண்டில் விலங்கை அடைப்பதைக் குற்றம் என்கிறது. அந்த ‘நியாயமான அளவு’ எவ்வளவு என்று சட்டம் சொல்லவில்லை. 2017இல் சட்ட ஆணையம் தன் 269ஆவது அறிக்கையில் முட்டைக் கோழி, கறிக்கோழி வளர்ப்பை எடுத்துப் பேசியது. 2019இல் வெளியான வரைவு விதிகள் 550 சதுர செ.மீ. என்றன. ஐரோப்பா ஒன்பது ஆண்டு வைத்திருந்துவிட்டு, போதாது என்று கைவிட்ட அதே எண்.

18க்கு 15 கூண்டில் 550ஐக் கணக்குப் போட்டால் மூன்று கோழிதான் தங்கும். நான்கு விடுகிற பண்ணையில் 40,000 கோழி நிற்கும் ஷெட்டில் 30,000தான் நிற்கும். இந்தப் பத்தாயிரத்தைச் சுற்றித்தான் வாதம் அத்தனையும் நடக்கிறது.

கோழிக் கணக்கா, ஷெட் கணக்கா?

உற்பத்தி பற்றிய ஆராய்ச்சிகளில் ஓரளவு ஒருமித்த முடிவு உண்டு. கூண்டில் கோழியை நெருக்கினால் ஒரு கோழி இடும் முட்டை குறைகிறது, சாவு கூடுகிறது. ஆடம்ஸ், கிரெய்க் இருவரும் 1985இல் அதுவரை வந்த பல சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோதும் இதையே கண்டார்கள். முக்கியமாக, இழப்பு நேர்கோட்டில் போகவில்லை. தாராளமான இடத்திலிருந்து நடுத்தர இடத்துக்கு இறங்கும்போது நட்டம் சிறிது. நடுத்தரத்திலிருந்து 310 போன்ற அளவுக்கு நெருக்கும்போது பெரிது. மறுபக்கமும் இதே கதைதான்: ஓரளவுக்கு மேல் இடம் கொடுத்துக்கொண்டே போனாலும் முட்டை எண்ணிக்கை கூடிக்கொண்டே போவதில்லை. கோழி நாளுக்கு ஒரு முட்டைக்கு மேல் இட முடியாது. நல்ல ரகங்கள் உச்சப் பருவத்தில் ஏற்கெனவே அந்த வரம்பை உரசிக்கொண்டிருக்கின்றன.

சிக்கல் அடுத்த படியில் வருகிறது. கணக்குக்காக, நான்கு கோழி உள்ள அறையில் ஆண்டுக்குத் தலைக்கு 320 முட்டை என்று வைத்துக்கொள்வோம், மொத்தம் 1,280. ஐந்தாவது கோழியை நுழைத்ததால் தலைக்கு 305ஆக இறங்கிவிட்டது என்று கொண்டால், மொத்தம் 1,525. ஒவ்வொரு கோழியும் நட்டப்பட்டிருக்கிறது, அறை லாபப்பட்டிருக்கிறது. ஷெட், கூண்டு, மின்சாரம், ஆள்கூலி எல்லாம் ஏற்கெனவே போட்ட முதல். ஐந்தாவது கோழிக்குக் குஞ்சு விலையும் தீவனமும்தான் கூடுதல் செலவு. முட்டை விலை ஏறி, தீவனம் மலிவாக இருக்கும் ஆண்டில் ஐந்தாவது கோழி லாபம். மக்காச்சோளமும் சோயாவும் விலை ஏறி, முட்டை விலை படுத்துக் கிடக்கும் ஆண்டில் அதே கோழி பாரம். அதனால் ‘இடம் கொடுத்தால் உற்பத்தி கூடும்’ என்று விலங்கு நலவாதிகள் சொல்வதும் உண்மை, ‘நெருக்கினால்தான் கட்டுப்படி ஆகும்’ என்று பண்ணையாளர் சொல்வதும் உண்மை. முன்னவர் கோழியை அலகாக வைக்கிறார், பின்னவர் ஷெட்டை.

இதில் இன்னொரு மறைப்பும் உண்டு. கோழி-நாள் கணக்கு என்பது அன்று உயிரோடு இருக்கும் கோழியை மட்டும் வகுத்துக்கொள்ளும். செத்தது கணக்கிலிருந்து கழன்றுவிடும். நெருக்கத்தின் விலை சாவாக வெளிப்படும் இடங்களில், கோழி-நாள் சதவீதம் அழகாகவே தெரியும். ஷெட்டில் முதலில் ஏற்றிய கோழிகளின் எண்ணிக்கையால் வகுத்தால்தான் விழுந்த குழி தெரியும்.

பரப்பா, முகப்பா?

சதுர சென்டிமீட்டர் என்ற அளவே பாதி உண்மையைத்தான் சொல்கிறது. 18 அங்குலமும் 15 அங்குலமும் உள்ள அறையை இரண்டு விதமாக வைக்கலாம். முன்பக்கம் 15, ஆழம் 18 என்பது பழைய முறை. முன்பக்கம் 18, ஆழம் 15 என்று திருப்பிப் போட்டால் அது ‘ரிவர்ஸ் கேஜ்’. பரப்பு ஒன்றுதான். ஆனால் நான்கு கோழிக்குத் தலா கிடைக்கும் தீவனத் தொட்டி முதல் வகையில் 9.5 செ.மீ.; இரண்டாவதில் 11.4 செ.மீ.

கோழிகள் ஒரே நேரத்தில் தின்ன விரும்புகிறவை. தீவனம் கொட்டிய சத்தம் கேட்டதும் எல்லாம் சேர்ந்து தலையை நீட்டும். முகப்பு குறுகினால் வலுத்தது முதலில் தின்னும். கொத்து வாங்குகிற கோழி பின்னால் நிற்கும், பிறகு வந்து வலுத்தது பொறுக்கிவிட்டுப் போன தூளைத் தின்னும். நார்வே ஆய்வாளர் ஷெல்டெருப்-எப்பே 1920களின் தொடக்கத்தில் விவரித்த ‘கொத்து வரிசை’ இங்கே சுண்ணாம்புச் சத்துப் பங்கீடாக மாறிவிடுகிறது. சராசரி உற்பத்தி சரியாகவே இருக்கும்; அந்தச் சராசரிக்குள் ஒரு கோழி 90 சதவீதமும் இன்னொன்று 60 சதவீதமும் இட்டுக்கொண்டிருக்கலாம்.

ஆழம் குறைவதில் இன்னொரு லாபமும் உண்டு. கூண்டின் தரை முன்பக்கம் சரிந்திருக்கும். இட்ட முட்டை உருண்டு முன்னால் உள்ள கம்பித் தட்டுக்கு வர வேண்டும். 18 அங்குலம் உருள்வதைவிட 15 அங்குலம் உருளும் முட்டை மெதுவாக வந்து சேரும். வழியில் கால்பட்டு மிதிபடும் வாய்ப்பும் குறைவு. ஆடம்ஸ்-கிரெய்க் தொகுப்பு கூண்டின் பரப்போடு வடிவத்தையும் சேர்த்து எடைபோட்டதற்கு இதுவே காரணம். சட்டங்கள் பரப்பை முதலில் எழுதித் தொட்டி நீளத்தை அடுத்த வரிக்குத் தள்ளுவது, அளக்க எளிது என்பதனால்தானோ என்று சந்தேகிக்க இடமிருக்கிறது.

கோழியிடமே கேட்டபோது

1989இல் மரியன் டாக்கின்ஸ், ஹார்டி இருவரும் பழுப்பு நிறக் கோழிகளை மேலிருந்து படமெடுத்து, ஒவ்வொரு அசைவுக்கும் அது எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று அளந்தார்கள். சராசரியாகச் சும்மா நிற்க 475 சதுர செ.மீ., தரையைக் கிளற 856, சிறகு நீட்ட 893, உடலைக் கோத 1,151, திரும்ப 1,272, சிறகடிக்க 1,876. 435 சதுர செ.மீ. கூண்டை இதோடு ஒப்பிட்டால், அந்தக் கோழியின் நிற்கும் அளவுக்குக்கூட அது எட்டாது. நலவாதிகள் கையில் இதைவிட வலுவான ஆயுதம் இன்றுவரை இல்லை.

ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் தேவை. அளக்கப்பட்டது பழுப்புக் கோழி; நம் பண்ணைகளில் பெரும்பாலும் நிற்பது அதைவிடச் சிறிய வெள்ளை லெகார்ன் வழி ரகம். இரண்டாவது, கூண்டில் இடம் பொதுச்சொத்து. ஒன்று சிறகு நீட்டும்போது மற்ற மூன்றும் ஒதுங்கிக்கொள்ளலாம். அறுபது கோழி உள்ள பெரிய கூண்டில் அதே 750 சதுர செ.மீ. தரும் சுதந்திரம் வேறு. நான்கு கோழிக் கூண்டில் அது தருவது வேறு.

கோழி இடத்துக்காக எவ்வளவு பாடுபடும் என்றும் சோதித்திருக்கிறார்கள். பிரான்சில் ஃபோர், லகாடிக் ஆகியோர் கோழியே ஒரு விசையைக் கொத்திக் கூண்டைப் பெரிதாக்கும் ஏற்பாட்டைச் செய்தார்கள். எதிர்பார்த்த அளவுக்குக் கோழிகள் அதை விடாமல் கொத்தவில்லை. தொழில்துறை இதைக் கொண்டாடியது. அதே காலத்தில் கிறிஸ்டின் நிக்கல் வேறொன்றைக் கண்டார்: நெருக்கத்தில் அடைத்து வைத்த கோழியைப் பெரிய இடத்தில் விட்டால், தேக்கி வைத்ததைத் தீர்ப்பதுபோல வழக்கத்துக்கு மேல் சிறகு நீட்டுகிறது, சிறகடிக்கிறது. கேட்கத் தெரியாதது வேறு, தேவையில்லாதது வேறு என்று இதைப் படிக்கலாம்.

முட்டையின் தரம்: இடத்துக்கு எவ்வளவு பங்கு?

இந்தப் பகுதியில்தான் எதிர்பார்ப்புக்கும் சான்றுக்கும் இடைவெளி அதிகம். ‘நிம்மதியான கோழி நல்ல முட்டை இடும்’ என்பது கேட்க இனிமையாக இருக்கிறது. தரம் என்று எதைச் சொல்கிறோம் என்று பிரித்தால் அந்த இனிமை கொஞ்சம் கலைகிறது.

மஞ்சள்கருவின் நிறம் தீவனத்தின் வேலை; மக்காச்சோளமும் பசுந்தழையும் கூட்டும், கம்பும் அரிசிக் குருணையும் குறைக்கும். ஓட்டின் நிறம் ரகத்தின் வேலை. கடையில் பழுப்பு முட்டையை நாட்டு முட்டை என்று விற்பது வியாபார சாமர்த்தியம், அதற்கும் கோழி நின்ற இடத்துக்கும் தொடர்பில்லை. வெள்ளைக்கருவின் கெட்டித்தன்மையை 1937இல் ரேமண்ட் ஹாக் வகுத்த அலகால் அளக்கிறார்கள். முட்டையை உடைத்துத் தட்டில் விட்டு, கெட்டியான வெள்ளைக்கரு எத்தனை மில்லிமீட்டர் உயரம் நிற்கிறது என்று பார்த்து, முட்டை எடையோடு சேர்த்துக் கணக்கிடுவது. கோழிக்கு வயதாக ஆக இது இறங்கும். முட்டை வெயிலில் கிடந்தால் இன்னும் வேகமாக இறங்கும். கூண்டில் மூன்று நின்றதா நான்கு நின்றதா என்பது, லாரியில் முட்டை இரண்டு நாள் வெயிலில் போனதா என்ற கேள்விக்கு முன்னால் பெரும்பாலும் சிறு விஷயமே.

ஓடு மட்டும் விதிவிலக்கு. முட்டை உருவாக ஏறக்குறைய ஒரு முழு நாள் ஆகிறது. அதில் இருபது மணி நேரம் போல ஓடு படிவதற்கே செலவாகிறது. இரண்டு கிராமுக்கு மேல் கால்சியம் அந்த நேரத்தில் இரத்தத்திலிருந்து இறங்குகிறது. முட்டையிடும் நேரத்தில் கோழி பதறினால் அட்ரினலின் சுரந்து முட்டை உள்ளேயே தங்கிவிடும். தங்கிய முட்டையின் மேல் மிச்சச் சுண்ணாம்பு படிந்து, மாவு பூசியதுபோல வெளிறி வரும். சிலசமயம் பின்னால் வரும் அடுத்த முட்டை அதோடு முட்டிக்கொள்ள, ஒரு பக்கம் தட்டையாக அமுங்கிப் போகும். நெருக்கத்தால் வரும் அலைக்கழிப்பு முட்டையில் நேரடியாகக் கையெழுத்திடும் இடம் இது ஒன்றுதான். பண்ணையில் முட்டை பொறுக்குகிறவர் ஒரு வரிசையில் இப்படி மாவு பூசிய முட்டை கூடியிருப்பதைக் கண்டால், அந்த வரிசையில் ஏதோ நடந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். ஆனால் அந்த ‘ஏதோ’ நெருக்கம்தானா, இரவில் புகுந்த பூனையா, நோயா என்று முட்டை சொல்லாது.

கீறல் முட்டை வேறு கணக்கு. ஓடு பலவீனமாக இல்லாவிட்டாலும், தட்டில் முட்டை தேங்கி ஒன்றோடொன்று இடித்தால் கீறல் விழும். ஐந்து கோழி உள்ள அறையின் முன்னால் ஐந்து முட்டை தேங்குகிறது. நாளில் ஒரு முறை கூடுதலாக முட்டை எடுத்தாலே நட்டம் குறையும். இடப் பிரச்சினை என்று எழுதப்படுவதில் ஒரு பங்கு எடுக்கும் நேரப் பிரச்சினை.

கூண்டைத் திறந்தால்

கூண்டில்லாத முறை இடக் கேள்வியைத் தீர்த்துவிடும் என்பது ஒரு தரப்பு. ஆழ்கூளத்திலோ, அடுக்குத் தளமுள்ள ‘ஏவியரி’ வீட்டிலோ கோழி நடக்கிறது, ஏறுகிறது, மண்குளியல் போடுகிறது. கால், சிறகு எலும்புகள் வலுப்படுகின்றன. அசையாத கூண்டுக் கோழியின் எலும்பு நொய்ந்து போவது 1950களிலிருந்தே தெரிந்த நோய். ஆனால் ஏறி இறங்கும் வீட்டில் விழுந்தும் மோதியும் மார்பெலும்பு முறிவது மிகுதி. இறகு பிடுங்குவது ஒரு கோழியிடம் தொடங்கினால் கூண்டில் நான்கோடு நிற்கும். திறந்த வீட்டில் ஆயிரத்துக்குப் பரவும். பெட்டியில் இடாமல் கூளத்தில் இட்ட முட்டை அழுக்காகும்.

அமெரிக்காவில் நிறுவனங்களும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து ஒரே பண்ணையில் சாதாரணக் கூண்டு, வசதி கூட்டிய கூண்டு, ஏவியரி மூன்றையும் அருகருகே நடத்திப் பார்த்து, 2015இல் முடிவுகளை வெளியிட்டன. ஏவியரியில் சாவு கூடுதல். காற்றில் தூசி எட்டுப் பத்து மடங்கு. செலவு சாதாரணக் கூண்டைவிட 36 சதவீதம் அதிகம். வசதி கூட்டிய கூண்டின் செலவு 13 சதவீதம்தான் அதிகம். நல்ல சோதனை, ஆனால் ஒரே பண்ணை, ஒரே ரகம். 2021இல் 16 நாடுகளின் 6,040 மந்தைகளைத் திரட்டிய இன்னொரு ஆய்வு, கூண்டில்லாத வீடுகளில் சாவு ஆண்டுக்காண்டு குறைந்து வந்திருப்பதைக் காட்டியது. பழகப் பழகப் பண்ணையாளருக்குக் கை வருகிறது. புது முறையின் முதல் ஆண்டைப் பழைய முறையின் ஐம்பதாவது ஆண்டோடு ஒப்பிடுவது நியாயமில்லை என்ற அளவுக்காவது இதை ஏற்கலாம்.

சால்மொனெல்லா கிருமி எந்த முறையில் அதிகம் என்பதில் ஆய்வுகள் இரண்டு பக்கமும் சாய்கின்றன. கூண்டு ஷெட்கள் பெரும்பாலும் பெரியவை, பழையவை என்பதால் கூண்டின் பங்கையும் மந்தை அளவின் பங்கையும் பிரிப்பது கடினம்.

கோழியையே மாற்றினால்?

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் வில்லியம் மியூர் 1996இல் வெளியிட்ட சோதனை, கேள்வியைத் தலைகீழாகத் திருப்பியது. அதிக முட்டையிடும் தனிக் கோழியைத் தேர்ந்து இனவிருத்தி செய்வதுதான் வழக்கம். அவர் ஒரு கூண்டுக் குடும்பம் முழுவதும் சேர்ந்து எவ்வளவு இடுகிறது என்று பார்த்துத் தேர்ந்தார். இரண்டாம் தலைமுறையில் 68 சதவீதமாக இருந்த ஆண்டுச் சாவு நான்காம் தலைமுறையில் 8.8க்கு இறங்கியது. தனித்தனியாக வைத்த கோழிகளின் சாவு அளவுக்கு அது வந்துவிட்டது. ஒரே இடத்தில் அடாவடி இல்லாத கோழி பிழைக்கிறது. ஆக, ‘இத்தனை சதுர செ.மீ. போதும்’ என்று சொல்கிற எந்த ஆய்வும் ‘இந்த ரகத்துக்கு’ என்று சேர்த்தே சொல்ல வேண்டும். நெருக்கத்தைத் தாங்கும்படி உயிரைச் செதுக்குவது சரியா என்பது வேறு கேள்வி. அதற்கு முட்டைக் கணக்கில் விடை கிடையாது.

வெயில்

மேலே சொன்ன எண்களில் பெரும்பாலானவை குளிர்நாட்டு மூடிய ஷெட்களிலிருந்து வந்தவை. நாமக்கல்லின் பழைய ஷெட்கள் தூண்மேல் எழும்பியவை, பக்கம் திறந்தவை, காற்றுதான் குளிர்பதனம். இங்கே இடம் என்பதன் பொருளே கொஞ்சம் மாறுகிறது.

குளிர்நாட்டில் நெருக்கத்துக்கு ஒரு சிறு லாபம் உண்டு: அணைந்து நிற்கும் கோழி சூட்டைக் காக்கத் தின்பது குறையும். இறகு உதிர்ந்த கோழி அங்கே கூடுதலாகத் தின்று நட்டம் வைக்கும். சித்திரை வெயிலில் இந்தக் கணக்கு திரும்பிவிடுகிறது. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. சூடு ஏறினால் சிறகை உடலிலிருந்து விலக்கிப் பிடித்து, வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்ற வேண்டும். இரைக்க இரைக்கக் கரியமில வாயு வெளியேறி இரத்தத்தின் காரத்தன்மை ஏறுகிறது. ஓட்டுக்கு வேண்டிய கார்பனேட் குறைகிறது. தீவனமும் குறைவாகத் தின்பதால் சுண்ணாம்பும் குறைகிறது. கோடையில் ஓடு மெலிவதற்கு இதுவே வழி. இப்போது சிறகு நீட்ட 893 சதுர செ.மீ. என்ற டாக்கின்ஸ் கணக்கை நினைத்துப் பார்க்கலாம். சூட்டைத் தணிக்கச் சிறகை முழுக்க நீட்ட வேண்டியதில்லை, கொஞ்சம் விலக்கினால் போதும். ஆனால் நான்கு கோழி தோளோடு தோள் நிற்கும் அறையில் விலக்கிய சிறகு பக்கத்துக் கோழியின் சூட்டில்தான் படுகிறது. முட்டைத் தரத்தில் இடத்துக்குப் பங்கு சிறிது என்று மேலே வந்த முடிவு, வெப்பநாட்டுக் கோடையில் அப்படியே நிற்குமா என்பது ஐயத்துக்குரியது.

சீதோஷ்ணம் கட்டுப்படுத்திய ‘ஈ.சி. ஷெட்’களுக்கு மாறும் பண்ணைகளில் இந்த வாதத்தின் ஒரு பாதி கரையும். விசிறியும் ஈரத் திரையும் சிறகின் வேலையைச் செய்யும். அந்த முதலீட்டைத் திரும்ப எடுக்க அடுக்கின்மேல் அடுக்காகக் கூண்டு ஏறும் என்பது அதன் மறுபாதி.

எங்கே நிற்கிறோம்

ஒரு கோழி இடும் முட்டையும் அதன் ஆயுளும் மிக நெருக்கமான அளவுகளில் தெளிவாகக் குறைகின்றன என்பதில் ஐயம் குறைவு. 310க்கு அருகே நிற்கும் எந்தக் கூண்டையும் உற்பத்தியைக் காட்டி ஆதரிப்பது கடினம். 435க்கும் 550க்கும் இடையில் முட்டை எண்ணிக்கை பெரிதாகப் பேசுவதில்லை. அங்கே வாதம் கோழியின் நடத்தை பற்றியது, முட்டை பற்றியது அல்ல. நலவாதிகள் அந்த இடத்தில் உற்பத்தியைச் சாட்சிக்கு அழைப்பது அவர்கள் வழக்கையே பலவீனப்படுத்துகிறது. கோழி நிற்கவும் திரும்பவும் வேண்டும் என்ற வாதத்துக்கு முட்டைக் கணக்கின் ஊன்றுகோல் தேவையில்லை. தொட்டி முகப்பு, குழு அளவு, ரகம் மூன்றையும் விட்டுவிட்டுப் பரப்பை மட்டும் சொல்லும் விதி, பண்ணையில் பாதிதான் வேலை செய்யும்.

550 என்ற அளவு நடைமுறைக்கு வந்தால் 40,000 கோழி ஷெட்டிலிருந்து இறங்கும் பத்தாயிரத்தின் நட்டத்தை முட்டை வாங்குகிறவர் ஏற்பாரா, பண்ணையாளர் ஏற்பாரா என்பது தீராத பங்கு. மீதி முப்பதாயிரம் கோடையில் சாகாமலும் ஓடு மெலியாமலும் இருந்து அந்த நட்டத்தில் எவ்வளவை ஈடுகட்டும் என்பதைக் கண்டறிய, ஒரே ஷெட்டில் மூன்றும் நான்கும் அருகருகே விட்டு, மார்ச் முதல் ஜூன் வரை சாவையும் கீறல் முட்டையையும் நாள்தோறும் எழுதி வைக்க வேண்டியிருக்கும்.